தோட்டத்து ஓடையில் சின்ன நீர்மின் திட்டம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்பது?

ஹாலிஎல ஆசிரியர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவு) பெண்கள் சங்கம் ஒன்று மிளகு, இஞ்சி, மஞ்சள் வாங்கி, காயவைத்து அரைத்து, பைக்கற் போட்டு பதுளைக் கடைகளுக்குக் கொடுக்கிறது. சங்கத்துக் கடிதம், கணக்கு எல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரம் இது, அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு உதவியில் ஒரு சூரிய உலர்த்தி கிடைத்தது. கண்ணாடிக் கூரை, உள்ளே விசிறி, சூட்டைப் பார்த்து விசிறியைக் கூட்டிக் குறைக்கிற ஒரு பெட்டி. ஓடிய காலத்தில் உண்மையிலேயே அருமையான சாமான். மிளகு ஒரே கறுப்பாக, மண் ஒட்டாமல் வரும். பிறகு ஒரு சித்திரை மாதத்து இடியில் அந்தப் பெட்டி கருகிவிட்டது. திறந்து பார்த்தால், சிப்பின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். என்ன சிப் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. செய்தவர்களுக்கு எழுதினோம். அந்த மொடலை நிறுத்திவிட்டோம், புதுப் பெட்டி முழுதாக வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. விலை யூரோவில். அது 2022, நாட்டில் டீசலுக்கே டொலர் இல்லாத நேரம். அதோடு அந்தக் கதை முடிந்தது. உலர்த்திக்குள் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. பெண்கள் பழையபடி படங்கு விரித்து மிளகு காயப்போடுகிறார்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொழுந்து மலையிலிருந்து ஓடி வருகிறார்கள்.

இப்போது வேறொரு வெளிநாட்டு நிறுவனம் வந்திருக்கிறது. லயத்து வீடுகளுக்கு மேலே விழுகிற ஓடையில் 5 கிலோவாட் நீர்மின் செட் ஒன்று போட்டு, அந்தக் கரண்டில் உலர்த்தியும் அரைக்கிற மெஷினும் ஓட்டலாம் என்கிறார்கள். ஜனவரியில் வந்து ஓடையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேலே தண்ணி மறிக்கிற இடத்துக்கும் மெஷின் வைக்கிற இடத்துக்கும் 45 மீற்றர் உயரம் என்று சொன்னார்கள். செட் மூடி சீல் வைத்தே வரும், நிரந்தரக் காந்த ஜெனரேட்டர், கண்ட்ரோலர் எல்லாம் அதற்குள்ளேயே. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில். காலநிலைக்கு உகந்த தொழில்நுட்பத்தை வளர்முக நாடுகளுக்குக் கைமாற்றும் திட்டம் என்று முதல் பந்தியிலேயே இருக்கிறது.

கூட்டத்தில் வாசித்து விளங்கப்படுத்தினேன். சங்கத் தலைவி அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "இது பழுதானா யாரு வருவா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதை எடுக்கலாமா? எடுப்பதென்றால் ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்? பணக்கார நாடுகள் இப்படிக் கைமாற்ற வேண்டும் என்று உலக ஒப்பந்தங்களில் இருக்கிறதாமே, அது எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது பிடிமானம் தருமா?

பண்டாரவளை பிட்டர் எழுதியது:

தம்பி, அந்த அக்கா கேட்டதுதான் கேள்வி. தேயிலை ஸ்டோர்ல, அதாவது தேயிலை பெக்டரியில, மெஷின் திருத்துற பிட்டரா இருந்து, பிறகு கிராமத்து நீர்மின் வேலைகளுக்குப் போனவன் நான். தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளும்.

மொதல்ல தண்ணி. ஜனவரியில வந்து பார்த்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஜனவரியில நம்ம ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவமழை, ஓடை நெறைஞ்சு ஓடும். அந்தத் தண்ணியப் பார்த்து மெஷின் சைஸ் சொன்னா ஆடி, ஆவணியில மெஷின் நின்னுரும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இதுக்கு நேர்மாறு, அங்க மே மாசத்துல இருந்து தென்மேல் மழை, வரட்சி வர்றது தை, மாசியில. நம்ம நாட்டுல மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாசத்துல அளக்கக் கூடாது. இது வெளியில இருந்து வர்றவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

கணக்கு லேசு. உயரத்த மீற்றர்ல எடுங்க, செக்கனுக்கு எத்தன லீற்றர்னு தண்ணிய எடுங்க, ரெண்டையும் பெருக்கி அஞ்சால பெருக்குங்க. சின்ன செட்டுக்கு வொட் கணக்கு அவ்வளவுதான். குழாயிலயும் மெஷின்லயும் போற நட்டமெல்லாம் அந்த அஞ்சுக்குள்ள அடங்கிருச்சு. 45 மீற்றர்ல 5 கிலோவாட் வேணும்னா செக்கனுக்கு 22 லீற்றர் வரணும். ஆவணியில உங்க ஓடையில 8 லீற்றர்தான் வருதுன்னு வைங்க, கெடைக்கிறது 1,800 வொட்.

அளக்கிறதுக்கு வாளி சரிவராது, கண்ண மூடித் தொறக்க முன்ன நெறைஞ்சிரும். 200 லீற்றர் பெரல் ஒண்ணு எடுங்க. ஓடைய மண் மூட்டையால மறிச்சு, ஒரு பெரிய பீலி வச்சு, எல்லாத் தண்ணியும் பீலி வழியா வர்ற மாதிரி செய்யுங்க. பெரல் 25 செக்கன்ல நெறைஞ்சா 8 லீற்றர். 9 செக்கன்ல நெறைஞ்சா அவங்க சொல்ற 22. பள்ளிக்கூடப் பிள்ளைகள வச்சே செய்யலாம், உங்களுக்கு அது நல்ல விஞ்ஞானப் பாடம். உயரத்த நீங்களே இன்னொரு தரம் பாருங்க, போன்ல காட்டுற உயரத்த நம்பாதீங்க. மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்க வச்சிருக்கிற, உள்ள தண்ணி தெரியிற பிளாஸ்டிக் டியூப்ல தண்ணி ஊத்தி, ஒருத்தர் மேல ஒருத்தர் கீழன்னு படிப்படியா எறங்கி வந்தா சரியான உயரம் வந்திரும்.

இப்ப மெஷின். நம்ம மலைநாட்டுக்கு இது புதுச் சாமான் இல்ல. வெள்ளக்காரன் காலத்துல நூத்துக்கணக்கான தோட்டங்கள்ல சொந்தமா டர்பைன் ஓடிச்சு, ரோலரும் விசிறியும் அதுலதான் சுத்திச்சு. 1950ல இலக்சபான திறந்து, நாடு பூரா லைன் இழுக்க இழுக்க, தோட்டத்து டர்பைன் பெரும்பாலானதக் கைவிட்டாங்க. இன்னைக்கும் பழைய ஸ்டோருக்குப் பின்னால துருப்பிடிச்ச இரும்புக் குழாயும் காட்டுக்குள்ள டர்பைன் வீட்டுச் செவரும் கெடக்கு. உங்க தோட்டத்துலயும் தேடிப் பாருங்க. குழாய் போன வழி இருந்தா சர்வே வேலையில பாதி முடிஞ்ச மாதிரி.

எழுவதுகளோட கடைசியில இங்கிலாந்துல இருந்து ஐ.டி.டி.ஜி.ன்னு ஒரு அமைப்பு வந்துச்சு, இப்ப பிரக்டிகல் அக்ஷன்னு பேரு. அவங்க தோட்டங்கள்ல பழைய டர்பைன்கள திரும்ப எழுப்புனாங்க, தொண்ணூறுகள்ல இருந்து கரண்ட் போகாத கிராமங்களுக்குப் போனாங்க. அவங்க செஞ்ச வேலையில நான் பெருசா மதிக்கிறது ஒண்ணு இருக்கு. மெஷினக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கிட்டுப் போகல. இங்க இருந்த பட்டறைக்காரங்களுக்கு பெல்டன் சக்கரம், அதாவது தண்ணி பட்டுச் சுத்துற, சுத்திவரக் கிண்ணம் வச்ச டர்பைன் சக்கரம், வார்க்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கிண்ணத்தோட வளைவு எப்படி இருக்கணும், தண்ணி நடுவுல பட்டு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போற அந்த நடு விளிம்பு எவ்வளவு கூரா இருக்கணும், தண்ணி பீச்சுற நொசில் எந்தக் கோணத்துல பாக்கணும், எல்லாம் கையப் பிடிச்சு. ஜெனரேட்டருக்கு மூணு பேஸ் சாதாரண மோட்டார். அதுக்குக் கெப்பாசிட்டர் ரெண்டு, ஒண்ணு மத்ததுக்கு ரெண்டு மடங்கு, அப்படிக் கட்டினா மூணு பேஸ் மோட்டார்ல இருந்து வீட்டுக்குத் தேவையான ஒரு பேஸ் கரண்ட் வந்திரும். 1997ல தொடங்கின உலக வங்கித் திட்டத்துல கிராமத்துச் சங்கங்களுக்குக் கடனும் கொடையும் கெடைச்சப்போ, சாமான் செய்யத் தெரிஞ்ச ஆளுங்க நாட்டுக்குள்ளயே இருந்தாங்க. அதனாலதான் இருநூறுக்கும் மேல கிராமத்து நீர்மின் திட்டம் இங்க எழும்புச்சு.

உங்களுக்கு வர்றது சீல் வச்ச செட். அதுக்குள்ள பெயரிங் போனா என்ன நம்பர் பெயரிங்? 6206 மாதிரி சாதாரண நம்பரா இருந்தா பதுளையில எந்தக் கடையிலயும் எடுக்கலாம். அவங்களே செஞ்ச தனி அளவுன்னா கப்பல் வரக் காத்திருக்கணும். சாதாரண மோட்டார் எரிஞ்சா கம்பி சுத்துற கடையில கொடுத்து எடுக்கலாம். நிரந்தரக் காந்த ஜெனரேட்டர்ல கம்பி சுத்தலாம், ஆனா காந்தம் சூட்டுல பலம் கொறைஞ்சா இங்க யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. காந்த செட் கொஞ்சம் கூடுதலா கரண்ட் தரும், இல்லங்கல. நான் உங்க எடத்துல இருந்தா அந்தக் கூடுதல விட்டுட்டு மோட்டாரத்தான் கேப்பேன்.

கண்ட்ரோலர் இன்னும் முக்கியம். தண்ணி எப்பவும் ஒரே அளவுல வரும், நம்ம செலவுதான் கூடும் கொறையும். அரைக்கிற மெஷின நிப்பாட்டுனதும் மிஞ்சுற கரண்ட ஹீட்டருக்குத் திருப்பி விடறதுதான் கண்ட்ரோலர் வேல. இல்லாட்டி சக்கரம் வெரசா ஓடி வோல்டேஜ் ஏறிரும். கிராமத்துல அந்த ஹீட்டரத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டிருப்பாங்க, சூடு சும்மா போகும். உங்களுக்கு உலர்த்தி இருக்கே, அந்தச் சூட்ட அப்படியே மிளகுக்குத் திருப்பலாம். ராத்திரி பூரா யாரும் கரண்ட் எடுக்காத நேரம், மொத்தமும் உலர்த்திக்குத்தான். ஆனா ஒண்ணு, உலர்த்தி விசிறி நின்னுட்டா ஹீட்டர் எரிஞ்சிரும், மிளகும் பத்திக்கும். சூடு மீறினா தானா தண்ணித் தொட்டி ஹீட்டருக்கு மாறுற சுவிச் ஒண்ணு கட்டாயம். இத அவங்க வரைபடத்துல இருக்கான்னு பாருங்க.

எழுதி வாங்க வேண்டியது: மெஷின் படம், கண்ட்ரோலர் சேர்க்கிட் படம், எந்தச் சாமானும் எழுத்து சுரண்டாம வரணும். சக்கரத்துக் கிண்ணத்தோட அச்சு ஒண்ணு சங்கத்துக்கு, அதப் பார்த்து வார்க்க அனுமதி எழுத்துல. உதிரிக்கு ரெண்டு கண்ட்ரோலர் போர்ட் மொதல் நாளே. இடி தாங்குற அரெஸ்டர், நெலத்துல ஒழுங்கா ஏர்த். உங்க உலர்த்திய இடிதானே கொண்டு போச்சு. பெரிய செலவு இல்ல, ஆனா யாரும் கேக்காட்டி போட மாட்டாங்க.

பேராதனை ஆய்வு மாணவி எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் இயந்திரம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சேர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

1992இல் உருவான ஐ.நா. காலநிலை மாற்றக் கட்டமைப்புச் சாசனத்தின் 4ஆம் உறுப்புரை, 5ஆம் பந்தி இதைத்தான் சொல்கிறது. வளர்ந்த நாடுகள், சூழலுக்கு உகந்த தொழில்நுட்பமும் அறிவும் மற்ற நாடுகளுக்கு, குறிப்பாக வளர்முக நாடுகளுக்கு, போய்ச் சேர நடைமுறைச் சாத்தியமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும், நிதியும் கொடுக்க வேண்டும். அதே பந்தியில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: வளர்முக நாடுகளின் சொந்தத் திறன்களையும் தொழில்நுட்பங்களையும் வளர்க்க ஆதரவு கொடுக்க வேண்டும். ஐயா சொன்ன பட்டறை வேலை அந்த வரிக்குள் நேராக விழுகிறது. இலங்கை 1993இல் இந்தச் சாசனத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 10ஆம் உறுப்புரையும் தொழில்நுட்பத்துக்கு உரியது.

ஆனால் இவை அரசுகளுக்கு இடையிலான கடப்பாடுகள். ஒரு பெண்கள் சங்கம் இதை வைத்து வழக்குப் போட முடியாது. அதற்காக இவை வெறும் காகிதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் வந்த நிறுவனம் தன் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்துத்தான் காசு கொடுப்பவர்களிடம் போயிருக்கும். "சாசனத்தில் உள்ளூர்த் திறனை வளர்ப்பதும் சொல்லப்பட்டிருக்கிறதே, உங்கள் ஒப்பந்தத்தில் அது எந்தப் பந்தியில் இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாமல் அவர்களால் போக முடியாது.

2010இல் கன்கூன் மாநாட்டில் ஒரு தொழில்நுட்பப் பொறிமுறை உருவாக்கப்பட்டது. அதன் செயற்படும் பக்கம் காலநிலைத் தொழில்நுட்ப நிலையமும் வலையமைப்பும். அது காசோ மெஷினோ தராது. ஒரு கோரிக்கைக்கு 250,000 டொலர் வரை பெறுமதியான நிபுணர் உதவியைத் தரும்: ஆய்வு, வடிவமைப்பு, பயிற்சி என்று. கோரிக்கையை நாம் நேரே அனுப்ப முடியாது, ஒவ்வொரு நாடும் அதற்கென நியமித்த அரச நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு டிவிஷனுக்காக அந்தக் கதவைத் தட்டுவது பொருந்தாது. ஊவாவில் இப்படி உலர்த்திச் சங்கங்கள் பல சேர்ந்து, ஒரு பல்கலைக்கழகமும் கூட நின்றால் பேசலாம். சுற்றாடல் அமைச்சின் காலநிலை மாற்றச் செயலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள்.

காப்புரிமை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இதை நீங்கள் இங்கே செய்தால் சட்டப் பிரச்சினை வரும்" என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். பெல்டன் சக்கரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது 1880இல். அது என்றோ காலாவதியானது, யாரும் வார்க்கலாம். காப்புரிமை பொதுவாக 20 வருடம்தான், அதுவும் எந்த நாட்டில் பதிந்தார்களோ அந்த நாட்டில் மட்டும். ஐரோப்பாவில் பதிந்து இலங்கையில் பதியாத ஒன்றை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இங்கே காப்புரிமை என்று சொல்லித் தடுக்க முடியாது. சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் உண்மையில் காப்புரிமை தடை இல்லை. தடை இருப்பது கண்ட்ரோலருக்குள் ஓடுகிற மென்பொருளிலும், ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிற இரகசியப் பந்திகளிலும். திறந்து பார்க்கக் கூடாது, பிரதி செய்யக் கூடாது என்ற மாதிரி ஏதாவது வரி இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையை எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கென்று 1990இல் லண்டனில் ஒரு பல்தரப்பு நிதியம் உருவாக்க முடிவெடுத்து, மறுவருடமே தொடங்கினார்கள். ஓசோனைக் கெடுக்கிற பழைய வாயுவிலிருந்து புதியதற்கு மாறுவதால் வளர்முக நாட்டுக்கு வருகிற மேலதிகச் செலவை அந்த நிதியம் ஏற்றது, கூடவே ஊர் ஊராகக் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. திருத்துபவருக்குத் தெரியாவிட்டால் வாயு காற்றில்தான் போகும் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. காலநிலை விடயத்தில் அந்த அக்கறை இன்னும் வரவில்லை என்பதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது.

டிக்கோயா ஸ்டோர் எழுதியது:

எங்கட ஸ்டோர் அனுபவம் ஒண்டு மட்டும் சொல்றன். கொழுந்து வாட்டுற தொட்டி விசிறிகளுக்கு வேகம் மாத்துற டிரைவ் போட்டம். கொழுந்து ஈரமா இருக்கும்போதுதான் முழுக்காத்து வேணும், வாட வாடக் குறைக்கலாம். விசிறி வேகத்தை 80 சதவீதமா இறக்கினா கரண்ட் கிட்டத்தட்ட பாதியாயிரும், அதான் இதில உள்ள நல்லது. பில்லில நல்லாத் தெரிஞ்சது. காலநிலைக்கும் நல்லது, கம்பனிக்கும் நல்லது, யாரும் மறுக்க ஏலாது.

ஆனா டிரைவுக்குப் பாஸ்வர்ட் போட்டுத்தான் தந்தவை. காத்தோட்டத்தைக் கொஞ்சம் மாத்தோணும் எண்டாலும் அவையின்ட ஆள் வரோணும். பிறகு அவையின்ட இலங்கை முகவர் கடையை மூடிப்போட்டார். விசிறி இப்ப ஒரே வேகத்தில நிக்குது, மிச்சம் பிடிச்ச கரண்ட் திரும்பவும் போகுது. சேர், கண்ட்ரோலர் பாஸ்வர்ட்டை முதல் நாளே கையில வாங்குங்கோ.

மாத்தளை வெளிக்கள உத்தியோகத்தர் எழுதியது:

மிளகு எனக்குத் தெரிந்த விடயம், அதனால் முதலில் அது. காயவைக்க முன் மிளகைச் சில நிமிடம் கொதிநீரில் முக்கி எடுங்கள். நிறம் ஒரே கறுப்பாக வரும், சீக்கிரம் காயும். உலர்த்திக்குள் சூடு 60 பாகைக்கு மேல் போக விடாதீர்கள், மணம் போய்விடும். பிட்டர் ஐயா சொன்ன இரவு ஹீட்டர் யோசனை மிளகுக்கு மெத்தப் பொருத்தம், மெதுவான சூடு நீண்ட நேரம் கிடைக்கும்.

இனி என் மனதில் உள்ளது. இப்படிப் பல திட்டங்களை நான் பார்த்தாயிற்று. உலர்த்தியில் வேலை செய்கிறவர்கள் பெண்கள், பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது மட்டும் ஒரு இளந்தாரிப் பையன். அவன் கெட்டிக்காரன்தான், பயிற்சி முடிந்து சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விடுவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், தோட்டத்தில் அவனுக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது? ஆனால் அறிவு அவனோடு விமானம் ஏறிவிடுகிறது. ஊரில் நிலையாக இருக்கிற, தினமும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள் இரண்டு மூன்று பேருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். பெயரிங் மாற்றுவதும் கெப்பாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் தையல் மெஷின் திருத்தத் தெரிந்த பெண்ணுக்குப் பெரிய வேலை இல்லை.

எண்பதுகளில் இலங்கையில் உருவான அனகி அடுப்பை எடுத்துப் பாருங்கள். இரண்டு பானை வைக்கிற களிமண் அடுப்பு. விறகு குறைவு, ஒரே நெருப்பில் சோறும் கறியும். ஒரு வெளிநாட்டுப் பெட்டியும் இறங்கவில்லை. குயவர்களுக்கு அளவும் அச்சும் பழக்கிக் கொடுத்தார்கள், அவர்கள் செய்து விற்றார்கள், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற சாமானாகிவிட்டது. உடைந்தால் அடுத்த கிழமைச் சந்தையில் இன்னொன்று.

தோட்டத்துக் காணி விடயத்தையும் மறந்துவிடாதீர்கள். 1992க்குப் பிறகு பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கையில். ஓடையும் குழாய் போகிற வழியும் அவர்களுடைய குத்தகை நிலத்துக்குள் இருந்தால், தோட்ட நிருவாகத்தின் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஒரு கல்லும் நகர்த்தாதீர்கள். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும்.

ஹாலிஎல ஆசிரியர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பிட்டர் ஐயா எழுதியதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். மின் ஹீட்டர் சூட்டை மிளகுக்குத் திருப்பலாம் என்ற இடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு கேள்விமேல் கேள்வி. பழைய உலர்த்தியின் கண்ணாடிக் கூண்டையே பாவிக்க முடியுமா என்று ஒரு அக்கா கேட்டார். கூண்டு நல்லாகத்தான் இருக்கிறது, பெட்டிதானே போனது.

சங்கம் முடிவெடுத்து நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டோம். ஆவணியில் பெரல் வைத்து அளந்து முடிக்கும்வரை கையெழுத்து இல்லை. மெஷின் சைஸ் அந்த அளவுக்குத்தான். காந்த ஜெனரேட்டருக்குப் பதில் சாதாரண மோட்டார். படங்கள், அச்சு, உதிரிப்பாகம், இடிதாங்கி, கண்ட்ரோலர் பாஸ்வர்ட். பயிற்சிக்கு மூன்று பெண்கள், சங்கமே தெரிவு செய்யும். தோட்ட நிருவாகத்தின் கடிதம் எங்கள் பொறுப்பு, பெரிய துரையைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறோம்.

பதில் வந்தது, மரியாதையான பதில்தான். படங்கள் தருகிறோம், மோட்டார் வைத்த செட்டும் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும், அச்சு பற்றிக் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். இரண்டு இடத்தில் இழுபடுகிறது. பயிற்சி கொழும்பில் ஐந்து நாள் என்கிறார்கள், எங்கள் பெண்களால் அப்படிப் போக முடியாது, அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாவிட்டால் சம்பளம் வெட்டு, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அடுத்தது கண்ட்ரோலர் பாஸ்வர்ட். உத்தரவாதக் காலத்தில் வேறு யாரும் கை வைத்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை, அதனால் தர முடியாது என்கிறார்கள். ஐயா, இதற்கு என்ன செய்யலாம்?

பண்டாரவளை பிட்டர் எழுதியது:

தம்பி, பயிற்சிய மெஷின் பூட்டுற நேரத்துல அங்கயே வைக்கச் சொல்லுங்க. எப்படியும் பூட்டுறதுக்கு அவங்க ஆள் வரணும்தானே. கொழும்பு ஹோட்டல் செலவுக்கு வச்சிருக்கிற காச அந்தப் பெண்களோட நாள் சம்பளமாக் கொடுத்தா போதும். ஒரு தரம் அவங்க பூட்டணும், பிறகு முழுக்கக் கழட்டி, மூணு பெண்களும் தங்கட கையால திரும்பப் பூட்டி ஓட்டிக் காட்டணும். ஒப்படைக்கிற கடுதாசியில சங்கம் கையெழுத்துப் போடறது அதுக்குப் பிறகுதான்னு எழுதுங்க.

பாஸ்வர்ட் விஷயத்துல அவங்க பக்கமும் ஞாயம் இருக்கு. உத்தரவாதக் காலத்துல அவங்களே வச்சிருக்கட்டும். ஆனா ஒரு மூடின கவர்ல போட்டு, நொத்தாரிசுகிட்ட ஒப்படைக்கச் சொல்லுங்க. உத்தரவாதம் முடிஞ்ச அன்னைக்கு, இல்லாட்டி நீங்க எழுத்துல அறிவிச்சு ரெண்டு கிழமைக்குள்ள திருத்த ஆள் வராட்டி, இல்லாட்டி அவங்க கம்பனிய மூடினா, கவர் சங்கத்துக்கு. இதுக்கும் ஒத்துக்காட்டி சாதாரண கண்ட்ரோலர இங்கயே செஞ்சு வாங்கிக்கலாம், சக்கரமும் குழாயும் மட்டும் அவங்ககிட்ட எடுங்க.

பழைய கூண்டு தாராளமாப் பாவிக்கலாம். அடியில காத்து போற வழி எவ்வளவு அகலம்னு அளந்து போடுங்க, ஹீட்டர் எந்தச் சைஸ்ல, எங்க வைக்கலாம்னு சொல்றேன். ஓடை அளக்கிற நாளைக்கு முந்தியே ஒரு தகவல் போடுங்க, டியூப் என்கிட்ட இருக்கு, நானும் வர்றேன்.